தட்டிக்கு வெளியே

லிங்கராஜபுரத்தில் டெம்போ வந்து நின்றதும் முதலில் இறங்கிய சாமான் மூங்கில் தட்டிதான். கட்டிலுக்கு முன்னால், பீரோவுக்கு முன்னால், மாதா படத்துக்கும் முன்னால்.

"பெங்களூர்ல செவுரே இல்லைன்னு யார் அண்ணி சொன்னது?" தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான் ஓஸ்வால்ட். "பொணக் கனம் கனக்குது."

"உங்க அண்ணனைக் கேளு. அதை விட்டுட்டு வர்றதா இருந்தா நானும் வரலைன்னுட்டாரு."

மதலைமுத்து டெம்போவின் பலகையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேசுவதற்கு ஒரு மூச்சு, நிற்பதற்கு ஒரு மூச்சு என்று கணக்கு வைத்துச் செலவழிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். "இருக்கட்டும்டா," என்றார். "காத்து மறைக்கும்."

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய வருஷம் அது. பூமிக்கடியில் பாதி வாழ்க்கையைக் கழித்தவரின் நெஞ்சுக்குள் பாறைத் தூசி படிந்து கல்லாகிவிட்டிருந்தது. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்த்த தம்பி ஓஸ்வால்ட்தான் லட்சுமம்மாவின் காம்பவுண்டில் பின்பக்கத்து அறையைப் பிடித்துக் கொடுத்தான். ஒரு அறை, அதற்கு முன்னால் ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு. சாய்ப்பின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அங்கேதான் தட்டியை நிறுத்திக் கட்டினார்கள்.

அந்தத் தட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கத் தங்கவயலுக்கு நடந்தே வந்தவர்கள் மதலைமுத்துவின் முன்னோர். வந்தவர்களுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த வீடு மூங்கில் தட்டிதான். நாலு பக்கமும் தட்டி, மேலே புல், கீழே மண். நிமிர்ந்தால் தலை இடிக்கும். மழை பெய்தால் தரையே ஓடும். பெருச்சாளி வந்து தூங்குகிற குழந்தையின் கால் விரலைக் கடிக்கும். தட்டி மக்கிப் போனால் பழசைப் பிரிக்கமாட்டார்கள். அதன்மேலேயே புதுசைக் கட்டி, சாணமும் சுண்ணாம்பும் பூசி, தார் அடிப்பார்கள். பிற்பாடு வரிசையாக நின்ற அந்த லைன் வீடுகளுக்குச் செங்கல் சுவரும் தகரமும் வந்தன. இவர்கள் வீட்டில் மட்டும் பின்பக்கம் அந்தத் தட்டியே நின்றது, மரம் வளையம் போடுகிற மாதிரி அடுக்கின் மேல் அடுக்காய்க் கனத்துக்கொண்டு. முதல் தட்டி இன்னும் உள்ளே இருக்கிறது என்பது அந்த வீட்டாரின் பெருமை.

இன்னொரு வழக்கமும் அந்தக் காலத்திலிருந்து வந்தது. ஆள் அதிகம், குடிசை குறைச்சல். ஒரு குடிசைக்கு ரெண்டு குடும்பம், மூணு குடும்பம். ஒரு ஷிஃப்ட் கீழே இறங்கினால் அவர்கள் படுத்த பாயின் சூடு ஆறுவதற்குள் மேலே ஏறிவந்த ஷிஃப்ட் அதில் படுக்கும். கதவு கிடையாது. வந்தவன் தட்டியை ரெண்டு தட்டு தட்டி, "இடம் இருக்கா?" என்பான். உள்ளே இருப்பவர்கள், "இருக்கு, வா," என்பார்கள். இடம் இருக்கிறதோ இல்லையோ, அதுதான் பதில். லைனில் வேறு பதில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கதவு வந்து, மின்சாரம் வந்து, டிவி வந்த பிறகும் மதலைமுத்து ஷிஃப்ட் முடிந்து வரும்போது சுவரை ரெண்டு தட்டு தட்டுவார். "பிரிஜெட்டு, இடம் இருக்கா?" சோறு வடித்துக்கொண்டே அவள் சொல்வாள்: "இருக்கு, வாங்க." கல்யாணமான நாளிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு கொஞ்சல் மாதிரி ஆகிப்போனது.

பெங்களூர் வந்த புதிதில் ஒரு மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. பிரிஜெட் சாய்ப்பில் உட்கார்ந்து, டெய்லர் கடையிலிருந்து வாங்கிவந்த சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பிரிஸில்லா, இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை, பக்கத்தில் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மதலைமுத்து மெல்ல நடந்து டீக்கடை வரைக்கும் போய் வருவது வழக்கம்.

தட்டியில் ரெண்டு தட்டு.

"இடம் இருக்கா?"

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இருக்கு, வாங்க."

யாரும் வரவில்லை. ஈரமான காற்று மட்டும் ஒரு தரம் உள்ளே வந்து போனது. அதில் ஒரு நாற்றம். வெடிமருந்துப் புகையும் நனைந்த பாறையும் கலந்தது. தங்கவயலில் புருஷனின் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் வந்த நாற்றம்.

"யார்கிட்ட பேசுற?"

குரல் அறைக்குள்ளிருந்து வந்தது.

மதலைமுத்து அன்றைக்கு டீக்கடைக்குப் போகவே இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலில் படுத்திருந்தார்.

பிரிஜெட் எழுந்துபோய் வெளியே பார்த்தாள். காம்பவுண்டில் யாரும் இல்லை. ஈர மண்ணில் காலடிகூட இல்லை. திரும்பி வந்து சட்டையை எடுக்கத் தரையில் கையை ஊன்றினாள். சிமெண்டுத் தரை, மழை நாள், சில்லென்று இருக்க வேண்டும்.

ஒரு ஆள் நீளத்துக்கு அது சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு அநேகமாக எல்லா மத்தியானமும் தட்டு விழுந்தது. அவள் பதில் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள். ஆனால் பதில் போய்க்கொண்டுதான் இருந்தது. கட்டிலில், கண்ணை மூடியபடி, மதலைமுத்து சொன்னார்: "இருக்கு, வா."

"ஏங்க இப்படிப் பண்றீங்க? யாருன்னு தெரியாம?"

"ஷிஃப்ட் முடிச்சு வந்தவன் வெளிய நிக்கிறான். இல்லைன்னு எப்படிடீ சொல்றது?"

"எந்த ஷிஃப்ட்டு? மைன்ஸே மூடியாச்சு."

அவர் அவளைப் பார்த்தார். "அவனுங்க ஏறி வர்றதுக்கு இவ்ளோ நாளாச்சு போல," என்றார்.

வீட்டுக்கார லட்சுமம்மா ஒருநாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "ஏனம்மா பிரிஜெட், மூணு பேர்னுதானே சொன்னே? மத்தியானம் ஆனா இந்த ரூம்ல சந்தெ மாதிரி கூட்டம். ஒருத்தர் இருமினா இன்னொருத்தர் இருமுறாரு. என் தொட்டித் தண்ணி எல்லாம் யாரு குடிக்கறது? ஊர்லேருந்து ஜனம் வந்தா சொல்லிட்டு வரணும்மா."

"யாரும் வரலைங்கம்மா."

லட்சுமம்மா எட்டி உள்ளே பார்த்தாள். ஒரு அடி பின்வாங்கினாள். "சரி சரி," என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பின்பக்கம் வரவே இல்லை. காம்பவுண்டில் சுற்றுகிற பூனையும் வரவில்லை.

பிரிஸில்லாதான் முதலில் மாறினாள். மத்தியானம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்தாள். பிரிஜெட் தூக்கி நடுவில் போட்டால் மறுபடியும் நகர்ந்தாள். கையைக் காலைக் குறுக்கிக்கொண்டு, ஒருக்களித்து, சுவரில் மூக்குப் படும்படி.

"ஏன் பாப்பா இப்படி ஒடுங்கிப் படுக்குற? இவ்ளோ இடம் கெடக்குதே?"

"எங்கம்மா இடம்?" என்றது குழந்தை. "மாமாங்க எல்லாம் படுத்திருக்காங்க. அந்தப் பாப்பா என் காலை மிதிக்கிது."

பிரிஜெட் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

பிறகு இருமல் தொடங்கியது. சளி இல்லாத வறட்டு இருமல். அப்பாவின் இருமல், குழந்தையின் வாயில். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "இந்தக் குழந்தை கல் உடைக்கிற இடத்துல இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லை" என்றதும், படம் யாரோடோ மாறியிருக்கும், திரும்ப எடுக்கலாம் என்றார். திரும்ப எடுத்தார்கள்.

படம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓஸ்வால்ட் வந்தபோது பிரிஜெட் அவனைக் காம்பவுண்டு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். "எங்க அண்ணன் பேய்க்கும் பாய் போடுற ஆளுதான் அண்ணி." அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஓஸ்வால்டு, உங்க வீட்டுல எப்பவாவது யாராவது 'இல்லை'ன்னு சொல்லியிருக்காங்களா?"

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"ஒருத்தி சொன்னாளாம். பிளேக் வந்த வருஷம். செத்த எலி லைன் பூரா கெடந்துதாம். காய்ச்சல் கண்ட குடிசையை எல்லாம் கம்பெனிக்காரனுங்க கொளுத்திட்டு வர்றானுங்க. அப்ப பங்குக் குடித்தனக்காரன் ஷிஃப்ட் முடிச்சு வந்து தட்டியிருக்கான். பொண்டாட்டி கூட, கொழந்தை கூட. கொழந்தைக்குக் காய்ச்சல். உள்ள இருந்தவ மடியிலயும் ஒரு கொழந்தை. 'இடமில்லை'ன்னுட்டா. அன்னிக்குப் பனி. காலையில பாத்தா மூணு பேரும் தட்டியோரமா, மூஞ்சியை உள்பக்கம் வெச்சு வெறைச்சுக் கெடந்தாங்க."

"யாரு அந்தப் பொம்பளை?"

"நம்ம வீடுதான் அண்ணி. எங்க தாத்தனோட பாட்டி. அவ மடியில இருந்த கொழந்தை பொழைச்சுது. பொழைச்சதாலதான் நாங்க இருக்கோம். அதுக்கப்புறம் நம்ம வீட்டுல அந்த வார்த்தையை எடுத்ததே இல்லை."

பிரிஜெட் தட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அதைக் கொளுத்து," என்றாள்.

மதலைமுத்து தூங்குகிற நேரம் பார்த்து, பின்னால் இருந்த காலி மனைக்கு அதை இழுத்துப்போனார்கள். ஓஸ்வால்ட் கடப்பாரையால் அடுக்கடுக்காய்ப் பிரித்தான். தார், சாணம், மக்கிய சாக்கு, மறுபடி மூங்கில். கடைசியில் கறுத்துப்போன முதல் தட்டி. அதன் பின்னலின் இடுக்குகளில் சின்னச் சின்னதாய் என்னமோ செருகி நின்றது, உலர்ந்த சோளத்தின் தோல் மாதிரி. ஓஸ்வால்ட் ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கையை உதறினான்.

நகம்.

மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள். மூங்கில் வெடித்த சத்தம் நேரம் போகப் போக இருமல் மாதிரியே கேட்டது.

மறுநாள் சாய்ப்பின் திறந்த பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் தாள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மத்தியானம் மூங்கிலில் ரெண்டு தட்டு விழுந்தது.

"இடம் இருக்கா?"

"இருக்கு," என்றார் மதலைமுத்து. "வா."

பிரிஜெட் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். வாழ்க்கையில் அவரை அவள் கை நீட்டித் தொட்டு அடக்கியது அன்றைக்குத்தான். "பாப்பாவைப் பாருங்க," என்று கதறினாள். "உங்க புண்ணியத்துக்கு என் புள்ளையா கெடைச்சுது? பாருங்க அதை!"

சுவரோடு ஒட்டிக் கிடந்த குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போனது. அதைச் சுற்றி ஒரு கை இடம்கூட இல்லாதது போல அது படுத்திருந்தது. வெறும் தரை, சுற்றிலும் வெறும் தரை.

"வா பாப்பா, வெளிய போலாம்." தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். சர்ச் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் குழந்தை அவள் மடியில் ஓரமாய் ஒதுங்கி, நடுவில் யாருக்கோ இடம் விட்டு உட்கார்ந்தது.

எங்கே போனாலும் கூடவே வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களை உள்ளே விடுகிற வழி தட்டியில் இல்லை. வாயில்தான் இருந்தது, அந்த வீட்டாரின் வாயில்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மதலைமுத்து கட்டிலை விட்டு இறங்கி, தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நாளெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரி.

"இவங்களை எழுப்பி அனுப்ப எனக்கு வாய் வரலை பிரிஜெட்டு. எல்லாரும் அசந்து தூங்குறாங்க. எத்தனை வருஷத்துத் தூக்கமோ." மூச்சு வாங்கினார். "ஆனா நான் எழுந்துட்டா ஒரு ஆள் இடம் வரும். பாப்பா காலை நீட்டிக்கும்."

"என்ன பேச்சுங்க இது?"

"கணக்குத்தானே," என்று சிரித்தார்.

விடிவதற்குள் அவர் மூச்சு நின்றிருந்தது. சாகிறபோது அவர் இருமவே இல்லை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி, பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அதன்மேல் சாய்ந்தபடி போயிருந்தார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று குழந்தை அப்பா படுத்த இடத்தில் மல்லாந்து, காலைப் பரப்பிக்கொண்டு தூங்கியது. உதட்டில் நிறம் வந்திருந்தது. பிரிஜெட் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது, இறங்கியது. அழக்கூட மறந்துபோய்ப் பார்த்தாள். அழுதால் அந்தச் சத்தத்தில் மூச்சு கேட்காமல் போய்விடும் என்று பயந்தாள்.

வீடு நிறைய ஆட்கள் வந்து போன நாட்கள் முடிந்தன. ஓஸ்வால்டும் வேலைக்குப் போய்விட்டான். ஒரு மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

ரெண்டு தட்டு.

பிரிஜெட் காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"பிரிஜெட்டு."

அவள் கை தானாகக் காதை விட்டது.

"பிரிஜெட்டு, இடம் இருக்கா?"

அதே குரல். ஆனால் இருமல் இல்லாத குரல், கல்யாணமான புதிதில் இருந்த குரல். களைத்து, பசித்து, வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்ட மனுஷனின் குரல். நீலத் தாளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கும் இருட்டு தெரிந்தது. கையில் தூக்குவாளி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. இத்தனை வருஷமாய்ச் சொன்ன பதில். கூப்பிட்டால் வந்துவிடுவார். பக்கத்தில் படுப்பார். பாய் சூடாக இருக்கும்.

அவளுக்கு அடியில், தூக்கத்திலேயே, பிரிஸில்லா காலை மடக்கினாள். கையைக் குறுக்கினாள். அப்பாவுக்கு இடம் விட்டு, சுவர்ப்பக்கம் மெல்ல நகர ஆரம்பித்தாள். மூச்சில் அந்தக் கீச்சுச் சத்தம் திரும்பி வந்தது.

"நனையறேன்டி," என்றது வெளியே.

பிரிஜெட் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓஸ்வால்ட் சொன்ன அந்தப் பொம்பளையை நினைத்துக்கொண்டாள். பேர் தெரியாத, எல்லாரும் வாய்க்குள்ளேயே சபித்த அந்தப் பொம்பளை. அவள் மடியிலும் ஒரு மூச்சு இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும்.

"இல்லைங்க," என்றாள்.

மழை சட்டென்று நின்ற மாதிரி இருந்தது.

"இடமில்லைங்க. பாப்பா தூங்குது. இடமில்லை."

வெளியே தூக்குவாளியைத் தரையில் வைக்கிற சத்தம். ஒரு ஆள் சுவரில் முதுகைத் தேய்த்தபடி மெல்ல உட்காருகிற சத்தம்.

"சரி," என்றது குரல். கோபம் இல்லை. அதுதான் அவளால் இன்றுவரை தாங்க முடியாதது. கோபமே இல்லை. "சரிப்பா, எல்லாரும் எழுந்து வாங்க. கொழந்தை தூங்கட்டும்."

அறைக்குள் முட்டிகள் சொடுக்கின. பாய்கள் உரசின. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். ஈரச் சட்டை ஒன்று அவள் தோளை உரசியது. கடைசியாக, மிகச் சின்னதாய் ஒரு கை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தரையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பிரிஸில்லா மல்லாந்து, வாய் திறந்து, சத்தமாய் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிரிஜெட் எழுந்துபோய் நீலத் தாளை விலக்கினாள். சுவரோரம், நனைந்த மண்ணில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது.

அதன்பின் பல வீடுகள் மாறினார்கள். இப்போது ஆனேக்கலில் இருக்கிறார்கள். நல்ல வீடு, தேக்குக் கதவு, ரெண்டு அறை. பிரிஸில்லா காலேஜுக்குப் போகிறாள். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. ஓட்டப் பந்தயத்தில் கோப்பைகூட வாங்கியிருக்கிறாள். அந்த நாட்களைப் பற்றி அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பிரிஜெட்டும் சொன்னதில்லை.

வாசலில் நிலைப்படிக்கு வெளியே ஒரு கோணிச் சாக்கு எப்போதும் விரித்திருக்கும். கால் துடைக்க என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பிரிஜெட் அதில் யாரையும் கால் துடைக்க விடுவதில்லை. வெயில் எட்டாத வாசல் அது. மத்தியானங்களில் குனிந்து தொட்டுப் பார்ப்பாள். சூடாக இருக்கும். மழைக்காலத்தில் இன்னொரு சாக்கைப் போர்த்தி விடுவாள்.

போன வாரம் பிரிஸில்லா பஸ்ஸைப் பிடித்து அவசரமாக வந்தாள். செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைகிறபோது அவள் கால் சாக்கின் மேல் எதிலோ பட்டது. தடுமாறினாள். உடனே குனிந்து, வெறும் சாக்கைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். பெரியவர்கள் மேல் கால் பட்டுவிட்டால் செய்கிற மாதிரி.

பிரிஜெட் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "யாரை மிதிச்ச?"

"யாரையும் மிதிக்கலையே. ஏன்மா?"

வாசலுக்கு வெளியே, தரையோடு தரையாக, யாரோ புரண்டு படுத்தார்கள்.